ஈரப் புளி

"உங்களுக்கு 'வேணாம்'னு சொல்ல வருமா தம்பி?"

கேட்டவள் குஞ்சம்மாள். இன்டர்வியூவில் முதல் கேள்வியே இப்படி வரும் என்று தங்கதுரை எதிர்பார்க்கவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"வரும்க்கா" என்றான். சொன்ன அவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் இருக்கிற சின்னப் புளிக் கம்பெனி அது. கல்வராயன் மலையில் புளி வாங்கி, கொட்டை எடுத்து, பாக்கெட் போட்டுச் சென்னை வரைக்கும் அனுப்புகிறார்கள். மூன்று பேரோடு ஆரம்பித்தது, ஆறே வருஷத்தில் இருபத்தாறு பேராகிவிட்டது. அங்கே ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. புதிதாக ஆள் எடுப்பதென்றால், அந்த ஆளோடு சேர்ந்து வேலை பார்க்கப் போகிறவர்கள்தான் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். அவர்கள் சொன்னால் சொன்னதுதான். பெரிய பெரிய கம்பெனிகளுக்குக்கூட இந்தத் துணிச்சல் வராது.

இன்றைக்கு, மலையேறிப் புளி வாங்கி வரும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். கேள்வி கேட்பவர்கள் மூன்று பேர். கொட்டை எடுக்கும் குஞ்சம்மாள் கருணாபுரத்துக்காரி. பக்கத்தில் சாலம்மாள், மலைமேல் கரியாலூரில் பிறந்து கீழே வாழ்க்கைப்பட்டவள். கம்ப்யூட்டருக்கு முன்னால் கண்ணகி. வந்திருந்த நான்கு பேரில் தங்கதுரைதான் கடைசி.

"அனுபவம் எவ்ளோ?" என்றாள் கண்ணகி.

"பத்து வருஷம் மலைக்குப் போய்க்கினு வந்துக்கினு இருந்தேன். கரியாலூர்லேர்ந்து வெள்ளிமலை வரைக்கும் எந்த மரம் யாருதுன்னு சொல்லுவேன்."

"அதான் இப்ப ஒரு வேலை இருக்குதே. அது இன்னா, கசக்குதா?"

"ஃபேனுக்கு அடியில நாற்காலி போட்டு உக்கார்ற மாதிரி ஆயிடுச்சு. யார்கிட்ட பேசறதுன்னாலும் போன்லதான். மலை ஏறலன்னா எனக்கு மூச்சு முட்டுது. இந்த வேலை கெடைச்சாத்தான் நான் பழைய மனுசனா இருப்பேன்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண்கள் கலங்கியிருந்தன.

"மொதலாளிக்கு வேண்டியவருன்னுலாம் எடுக்க மாட்டோம்ண்ணே" என்றாள் சாலம்மாள் கறாராக. "அத இப்பவே சொல்லிடறேன்."

"தெரியும். அதான் எல்லாரோடயும் வரிசையில உக்காந்து வந்தேன்."

மூன்று பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். குஞ்சம்மாள் கண்ணைக் காட்ட, சாலம்மாள் எழுந்து மூலையிலிருந்த புளி மூட்டையை இழுத்து வந்து அவன் காலடியில் போட்டாள். முந்தானையை இழுத்துச் செருகி, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டாள்.

"இப்ப இவ மலையில புளி விக்கிற பொம்பள. நீங்க வாங்க வந்த ஆளு" என்றாள் குஞ்சம்மாள். "ஆரம்பிங்க."

தங்கதுரை ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பார்த்தான். உள்ளங்கை நசநசத்தது. "ஈரமா இருக்குதேம்மா."

"இன்னா பண்றது சாமி? வூட்டுக்காரரு மரத்துலேர்ந்து வுழுந்து இடுப்பு ஒடைஞ்சி படுத்துக்கினு இருக்காரு. நான் ஒருத்தியா மரத்த ஒலுக்கி, பொறுக்கி, தலையில தூக்கியாந்தேன். திரும்பவும் இத தூக்கிக்கினு மேல ஏறவா? நீயே சொல்லு."

தங்கதுரை மூட்டையைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"சரி, வெச்சிட்டுப் போம்மா."

கண்ணகி மேசையைத் தட்டிச் சிரித்துவிட்டாள். "இவ வூட்டுக்காரரு வாசல்ல டீ குடிச்சிக்கினு இருக்காரு. இடுப்புலாம் நல்லாத்தான் இருக்குது."

குஞ்சம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாள். விரல் நுனிகள் கறுத்து, நகக்கண்கள் வெடித்திருந்தன.

"ஈரப் புளியில கொட்டை சீக்கிரம் வராது தம்பி. சதைதான் பிசுபிசுன்னு கையோட வரும். நீங்க மேல ஒருத்தருக்குப் பாவம் பாத்தா, கீழ பதினாலு பேரு கை புண்ணாவும். அப்பறம் அந்தப் புளி கறுத்துப்போயி கடைக்காரன் திருப்பி அனுப்புவான்."

தங்கதுரையால் அந்தக் கைகளிலிருந்து பார்வையை எடுக்க முடியவில்லை. பத்து வருஷ அனுபவம் என்று பீற்றிக்கொண்டதை நினைத்து வெட்கமாக இருந்தது.

"மத்தவங்க இன்னா சொன்னாங்க?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ரெண்டு பேரு வேணாம்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க" என்றாள் குஞ்சம்மாள். "அப்படிச் சொன்னா அடுத்த வருஷம் மலையில ஒருத்தரும் நமக்குப் புளி குடுக்க மாட்டாங்க. மூணாவதா வந்த பச்சையம்மாதான் மூட்டையைப் பிரிச்சிது. 'வா, ரெண்டு பேருமா இந்தப் பாறையில கொட்டிக் காய வெப்போம். காயற வரைக்கும் நான் இங்கியேதான் இருப்பேன், நானே வாங்கிக்கினு போறேன்'னுது."

தங்கதுரைக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"இத்தினி வருஷத்துல எனக்கு இது தோணவே இல்லியேக்கா. அந்தம்மாவையே எடுத்துக்கோங்க. உங்க மூணு பேரையும் கையெடுத்துக் கும்பிடணும்."

"எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்குது" என்றாள் சாலம்மாள். "ஆனா ரூலுன்னா ரூலு."

கண்ணகி பிரின்ட் எடுத்துக் கொடுத்த தாளைக் குஞ்சம்மாள் வாங்கி, அவன் பக்கம் நகர்த்தினாள்.

"பச்சையம்மாவோட வேலை ஆர்டரு இது. கீழ 'மொதலாளி'ன்னு போட்டிருக்குற எடத்துல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு, உங்க ரூமுக்குப் போங்க தம்பி."