மகள் வைத்த மரம்

மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாக நுழைந்தார் தையல்காரர். தோளில் ஈரச் சாக்கு, கையெல்லாம் மண். யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

சாக்குக்குள் முழங்கால் உயரக் காட்டுமரக் கன்று ஒன்று இருந்தது.

மகள் நாற்றுப்பண்ணை வேலையில் சேர்ந்தபோது, "மண்வெட்டி பிடிக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று நாலு பேர் முன்னால் கத்தியவர் அவர். அவள் பண்ணைக்குப் புறப்படும் முன் குன்றிலிருந்து ஒரு கன்றைக் கொண்டுவந்து, இலைகளைப் பாதிப் பாதியாக நறுக்கிவிட்டு, கொல்லையில் நட்டாள்.

"வேரைச் சுத்தியிருக்கற மண்ணு உதிரவே கூடாதுப்பா. கொஞ்ச நாளைக்கு நிழல் வேணும். பாத்துக்கங்க."

பள்ளிச் சீருடை தைக்கும் அவசரத்தில் அவர் அந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் போய்ப் பார்த்தால், முழு முழு இலைகளாகச் சருகு தொங்கியது. தொட்டதும் கன்று கையோடு வந்துவிட்டது.

மனைவிக்குத் தெரிந்தால் மகளுக்குப் போன் போய்விடும். உடனே குன்றேறினார். மகள் சொன்னபடியே அகலமாகத் தோண்டி, மண்ணுருண்டையை லைனிங் துணியால் இறுக்கிக் கட்டிக் கொண்டுவந்தார். தையல் கத்தரியால் இலைகளை நறுக்கி நட்டு, நிழல் கட்டினார். அன்று மாலை மனைவி கன்றை வெகுநேரம் பார்த்தாள். நறுக்கிய இலை ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு வருடம் கழித்து மகள் வந்தபோது மரம் கூரையைத் தொட்டிருந்தது.

"காட்டுக் கன்னு பத்துல ரெண்டு பிழைச்சாலே பெருசுப்பா! பண்ணையில எல்லார்கிட்டயும் உங்களைப் பத்தித்தான் பெருமை பேசிட்டிருக்கேன்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கூனிக் குறுகிப் போனார். கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. உன் வேலையையும் கேவலமாப் பேசினேன், நீ வெச்ச கன்னையும் சாக விட்டேன். இது நான் திருட்டுத்தனமா மாத்தி வெச்சது. உன் முகத்தைப் பாக்கவே வெக்கமா இருக்கு."

சமையலறை வாசலில் நின்ற மனைவியின் தலையும் குனிந்தது.

"அவ வெச்சது மேல முதல் வாரமே நான் தெரியாம கொதிதண்ணியைக் கொட்டிட்டேங்க" என்றாள். "நீங்க பிடுங்கிப் போட்டது, நான் மாத்தி வெச்சது!"