தெளிக்காத தீர்த்தம்

"ஒரு சொட்டுத் தெளிச்சால் என்ன பிள்ளை? குருநகரிலை தீர்த்தம் தெளிக்காமல் ஒரு வள்ளமும் கடலிலை இறங்கினதில்லை."

கத்தரீனா போத்தலும் கையுமாக ஆய்வுகூட வாசலில் நின்றாள். உள்ளே, மகள் லவீனா பாகம் பாகமாகப் பொருத்திப் பூட்டிய சின்னச் செய்மதி. பரிசோதனையெல்லாம் முடிந்து, விண்ணுக்கு ஏவ நாளைக்கு வெளிநாடு போகிறது.

"தண்ணி பட்டால் எல்லாம் பழுதாப் போகும் அம்மா. துடைக்கிறதெண்டாலும் ஸ்பிரிட்டாலைதான் துடைப்பம். வீட்டை போங்கோ."

படிச்ச திமிர் என்று புறுபுறுத்தபடி கத்தரீனா நேரே மாதா கோயிலுக்குப் போனாள்.

"சுவாமி, என்ரை மகளுக்கு விசுவாசம் விட்டுப்போச்சு."

பங்குச் சுவாமியார் சிரித்தார்.

"உங்கடை மகளுக்கோ? போன ஞாயிறு பூசை முடிய ஒரு போத்தல் ஸ்பிரிட்டைக் கொண்டந்து, மந்திரிச்சுத் தாங்கோ எண்டு ஒற்றைக்காலிலை நிண்டாளே!"