ஜே.டி.யின் மதிப்பு

"இன்னொரு ஜே.டி.யா?" டெஸ்மண்ட் கார்வி, இமோஜெனின் விண்ணப்பத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். மேசையில் போட்டு, அதன் மேலேயே காப்பிக் கோப்பையை வைத்தார்.

ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரில் முப்பது வருடமாக வழக்கறிஞர் தொழில் நடத்துகிறவர். வேறு பட்டம் முடித்துவிட்டுச் சட்டம் படிப்பவர்கள் வாங்கும் ஜே.டி. பட்டம் என்றாலே அவருக்கு இளக்காரம். இமோஜெனுக்கு இது பதினாறாவது நேர்காணல். இதுவும் கைநழுவினால் மறுபடி விடுதியில் தட்டுக் கழுவப் போக வேண்டும்.

நேற்றுத் தொலைபேசியில் வரவேற்பாளர் லொரெய்ன் மதிப்பெண் எதுவும் கேட்கவில்லை. எந்தச் சட்டம் நன்றாகத் தெரியும் என்று மட்டும் கேட்டாள். கடல் சட்டம் என்றதும், "நாளைக்கே வந்துடுங்க" என்றாள்.

"முதல்ல என்ன படிச்சே?"

"ஓவிய வரலாறு, சார்."

"சார் எல்லாம் வேணாம், டெஸ்னு கூப்பிடு. ஓவியம் சோறு போடல, உடனே சட்டம். நாங்க ஸ்கூல் முடிச்ச கையோட சட்டம் படிச்சவங்க. நீங்க வேற எதுவும் உருப்படாம இங்க ஒதுங்கினவங்க. உன் பட்டத்துல மீன் வறுவல் மடிக்கலாம்."

இமோஜென் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, மண்டையில ஏதாவது இருக்கான்னு பாப்போம். சும்மா ஒரு கற்பனைக் கேள்வி. இறால் படகு ஒண்ணு, இன்ஜின் நின்னு பாறைப் பக்கமா போகுது. இன்னொருத்தன் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்துட்டு வரான். காப்பாத்தினதுக்கு வெகுமதி கேக்கறான். குடுக்கணுமா?"

"இழுக்கறதுக்கு முன்னாடியே கூலி பேசினாங்களா?"

"டீசல் செலவைக் குடுத்துடறேன்னு இறால் படகுக்காரன் ரேடியோல சொல்லியிருக்கான்."

"அப்ப அது இழுவைக் கூலிதான், வெகுமதி கிடையாது. நடுவுல எதிர்பாராத ஆபத்து வந்திருந்தாத்தான் கதை வேற. அப்பவும் ரெண்டு வருஷத்துக்குள்ள வழக்குப் போட்டிருக்கணும்."

"மெதுவா, மெதுவா." கார்வி எழுதிக்கொண்டிருந்தார். "எந்த நாள்லேர்ந்து ரெண்டு வருஷம்?"

"காப்பாத்தி முடிச்ச நாள்லேர்ந்து."

அவர் விரல்விட்டு மாதங்களை எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். முகம் மலர்ந்தது.

"பரவாயில்லையே! ஜே.டி.யிலயும் ஏதோ சொல்லிக் குடுக்கறாங்க." எழுந்து கை கொடுத்தார். "சொல்லி அனுப்பறோம்மா."

பதினைந்து நேர்காணல்களில் யாரும் அவளுக்குக் கை கொடுத்ததில்லை. அவமானமெல்லாம் மறந்துபோய், லேசான நடையில் வெளியே வந்தாள்.

"நல்லா பேசினேன்னு நெனைக்கறேன்," என்றாள் லொரெய்னிடம்.

லொரெய்ன் நிமிரவில்லை. அவள் மேசையிலிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. கார்வியின் குரல்.

"லொரெய்ன், படகு கேஸ் முடிஞ்சுது, இவளுக்கும் 'வேலை காலி இல்லை'ன்னு அந்தக் கடிதத்தை அனுப்பிட்டு, உயில் சட்டம் படிச்சவங்க யாரையாவது கூப்பிடு."