விற்பனைக்கு வந்த வேட்டைப் பண்ணை

மான்களை வேலிக்குள் வளர்த்துச் சுடும் ஒரு வேட்டைப் பண்ணை விற்பனைக்கு வந்தது. பழைய முதலாளி போனபின் குளக்கரையில் இருந்த சோளத் தொட்டி காலியாகிவிட்டது. மழையில் வேலியும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"தம்பி, வழி திறந்திருக்கிறது. கிளம்பிவிடுவோம்," என்றது பிணைமான்.

"அவசரப்படாதே அக்கா. நாளை ஒருவர் பண்ணையைப் பார்க்க வருகிறார். நாம் கண்ணில் பட்டால்தான் வாங்குவார். வாங்கினால் சோளம் வரும்," என்றது கலைமான்.

"துப்பாக்கியும் வருமே?"

"வந்தாலும் கொம்புள்ள என்னைத்தானே குறிவைப்பார்கள், உனக்கென்ன பயம்? அதுவும், இத்தனை அழகான கொம்பைப் பார்த்தபின் யாருக்குச் சுட மனம் வரும்?"

"கொம்பு வளர்ந்த வேகத்தில் உனக்கு மூளை வளரவில்லை," என்றது பிணைமான். ஆனாலும் தம்பியைத் தனியே விட்டுப் போகவில்லை.

மறுநாள் கலைமான் குளக்கரையில் கொம்பு நன்றாகத் தெரியும்படி பக்கவாட்டில் திரும்பி நின்றது. வந்தவர் நெடுநேரம் பார்த்தார்; பண்ணையை வாங்கினார். முதல் வேலையாக வேலியை நிமிர்த்தினார். பிறகு தொட்டி நிறையச் சோளம் கொட்டினார்.

"பார்த்தாயா அக்கா?" என்றது கலைமான், வாய் நிறைய மென்றபடி.

வேட்டைக் காலம் வந்ததும் புது முதலாளி தொட்டிக்கு எதிரே மரத்தில் பரண் கட்டி அமர்ந்தார். துப்பாக்கி முதலில் கலைமானை நோக்கித் திரும்பியது.

"அதை விடுங்கள் ஐயா," என்றார் பண்ணைக் காவலர். "கொம்பு இன்னும் ஓராண்டு வளரட்டும். இன்றைக்கு இறைச்சிக்கு, அதன் பக்கத்தில் நிற்கும் பெண்மான் போதும்."

வெடிச் சத்தம் கேட்டதும் கலைமான் வேலியோரமாக ஓடியது. வழி தேடி ஓடி ஓடி, கடைசியில் அக்கா கிடந்த குளக்கரைக்கே வந்து சேர்ந்தது.