சூரன் படலை தாண்டிய தீபாவளி

“நான் பாஸ்போட் இல்லாமல் வந்தனான். உம்மடை நாய் பாஸ்போட்டோடை வந்திருக்கு. இப்ப அதுக்காகத் தீபாவளியையும் நிப்பாட்ட வேணுமோ?”

குகதாசன் லண்டன் ரெய்னர்ஸ் லேன் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்தார்.

பக்கத்து வீட்டுப் பிறேமினிக்குச் சிரிப்பு வரவில்லை.

“தீபாவளியை நிப்பாட்டச் சொல்லேல்லை அண்ணை. வெடியை மட்டும்தான். இந்த ஒரு வருசம்.”

“வெடி இல்லாட்டில் அது என்ன தீபாவளி? கோப்பியைக் குடிச்சிட்டுப் படுக்கவோ?”

அந்தத் தெருத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் வெடி வாங்குவது குகதாசன். தன் பின்வளவில் வைத்துக் கொளுத்துவதும் அவரேதான். வேறு ஒருவரையும் நெருப்பைத் தொட விடமாட்டார். போன வருடம் அவர் விட்ட வாணத்துக்கு நட்சத்திரங்களே கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டதாகச் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

பிறேமினியின் நாய் ருமேனியாத் தெருவில் பிடிபட்டு, வான் வண்டியில் ஐரோப்பா முழுக்கக் குலுங்கி வந்தது. தெருநாய்களை மீட்கிற அமைப்பு ஒன்று அதை இப்போதைக்கு வளர்த்துப் பார்க்கத்தான் கொடுத்திருந்தது. ஒத்துப் போனால் சொந்தமாகவே தருவார்கள்.

பிறேமினியின் புருசன் தர்சிகன் அதற்குச் ‘சூரன்’ என்று பெயர் வைத்தான். குசும்புதான். டோஸ்டரில் பாண் துள்ளினால் சூரன் மேசைக்குக் கீழே ஓடிவிடும். தன் வால் தன் காலில் பட்டாலே யாரோ தொட்டுவிட்டார்கள் என்று நடுங்கும். ஒருநாள் கண்ணாடியில் தன்னையே கண்டு, மரியாதையாக வழிவிட்டு நின்றது.

வந்த நாள் முதல் வீட்டு முன்வாசல் படலையைத் தாண்டவில்லை.

நாயைக் கொண்டுவந்த அமைப்பின் ஹெலன் போனில் சொல்லிவிட்டார்: “ஞாயிறு பின்னேரம் வருகிறேன். வெளியே நடந்தால் நாய் உங்களுக்கே. இல்லையென்றால் சத்தமில்லாத நாட்டுப்புற வீடு ஒன்றுக்கு மாற்ற வேண்டும். அதன் நன்மைக்குத்தான்.”

அந்த ஞாயிறுதான் தீபாவளி.

“ஒருக்கா உள்ளுக்கு வந்து பாருங்கோ அண்ணை. பிறகு சொல்லுங்கோ,” என்றாள் பிறேமினி.

குகதாசன் வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தார். மூலையில் சூரன் சுருண்டு கிடந்தது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் எவனோ கார்க் கதவை அடித்துச் சாத்த, சூரனின் உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டது.

குகதாசன் கொஞ்ச நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஞாயிற்றுக்கிழமை வெடி வெடிக்கும். நாயை எங்கையாவது கொண்டு போங்கோ.”

விறுவிறென்று போய்விட்டார்.

“கல் நெஞ்சன்!” என்றாள் பிறேமினி.

“வாணத்துக்குப் பதிலா இவரைக் கொளுத்தி விட வேணும்,” என்றான் தர்சிகன்.

ஞாயிறு பொழுதுபட, தெருப் பிள்ளைகள் எல்லாம் குகதாசன் வாசலில் கூடிவிட்டார்கள். அவர் கையை விரித்தார்.

“வெடி வைச்ச கொட்டில் கூரை ஒழுகிப் போட்டுது. வெடி முழுக்க நனைஞ்சு போச்சு. ஆளுக்கொரு ஐஸ்கிறீம் தாறன், பிடியுங்கோ.”

“நவம்பரிலை ஐஸ்கிறீமோ, அங்கிள்?”

“வாயைத் திறக்காமல் தின்னுங்கோ!”

கஞ்சன் ஏதோ சாட்டுச் சொல்கிறான் என்று தகப்பன்மார் முணுமுணுத்தார்கள். பிள்ளைகள் பல் கூசி, வாய் விறைத்து, சத்தமில்லாமல் நின்றார்கள்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ஹெலன் நடைபாதையில் காத்திருந்தார். பிறேமினி கயிற்றைத் தளர்வாகப் பிடித்தபடி வந்தாள். பின்னால் சூரன்.

படலையடியில் நின்றுவிட்டது.

தூரத்துத் தெரு ஒன்றில் ஏதோ மெல்லப் பொரிந்தது. சூரன் காதை மடித்தது. பிறேமினி கயிற்றை இன்னும் தளர்த்தினாள். வா என்றும் சொல்லவில்லை, இழுக்கவுமில்லை.

சூரன் ஒரு காலை வெளியே வைத்தது. பிறகு மற்றக் காலை. பிறகு உடம்பு முழுவதையும்!

நடந்தது என்று சொல்லலாமா? தேர் போல் ஊர்ந்தது. தபால் பெட்டியை மோந்தது, பிள்ளைகளின் சப்பாத்துகளை மோந்தது, நேரே போய்க் குகதாசனின் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதன் சில்லில் காலைத் தூக்கியது.

“ஏய்! நேற்றுத்தான் கழுவினனான்!”

கைதட்டத் தூக்கிய கைகளை, பிறேமினியின் முகத்தைப் பார்த்ததும் தெரு முழுக்கச் சத்தமில்லாமல் ஆட்டியது. ஹெலனுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு.

“இனி இதை நான் எங்கே மாற்றுவது? இது தெருவையே வாங்கிவிட்டதே!”

பிறேமினி நடைபாதையிலேயே குந்தியிருந்து சூரனைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் குகதாசனின் மனைவி சிவகௌரி பயத்தம்பணியாரத் தட்டோடு வந்தார்.

“கோயில் அம்மாளாச்சிதான் அக்கா உங்கடை கூரையை ஒழுக வைச்சவ!” என்றாள் பிறேமினி.

“எந்தக் கூரை ஒழுகினது? இந்த மனுசன்தான் அவ்வளவு வெடியையும் குளியல் தொட்டியிலை ஊறப்போட்டவர். தீபாவளிக்கு முழுகவும் இடமில்லாமல் போச்சு எனக்கு!”

பிறேமினிக்கு விளங்கவில்லை. “வெடியெண்டால் அவருக்கு உயிரெல்லோ அக்கா?”

சிவகௌரி குரலைத் தாழ்த்தினார்.

“ஊர்ச் சண்டையிலை ஷெல்லடிக்குள்ளை கிடந்து வந்த மனுசன், பிள்ளை. சத்தமெண்டால் இண்டைக்கும் உம்மடை நாய் மாதிரித்தான். கொளுத்திறவனுக்கு மட்டும்தானே எப்ப வெடிக்குமெண்டு தெரியும், அதுதான் வருசா வருசம் ஒருத்தரையும் தொட விடாமல் தானே கொளுத்திறவர்.”