இடது காது

இந்தக் காதுக்கும் கேட்டுவிட்டால் போதும். மாடி அறைக்கு ஸ்பீக்கர் வாங்க பாகலூர் ரோட்டுக் கடைக்கு வந்திருக்கும் பிரவீனா, வலது காதைப் பொத்திக்கொண்டு இடது காதைத் திருப்புகிறாள். கம்பெனியில் வருடக்கணக்காகத் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் பக்கம் நின்ற காது. மந்தமாகிவிட்டதோ என்று யாரிடமும் சொல்லாமல் அவள் பயந்துகொண்டிருக்கும் காது. புத்தக அலமாரியில் அடங்கிவிடும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களின் கறுப்புத் துணிமேல் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. "வீட்லயும் மெஷினுக்கு மேல கத்தற மாதிரியேதான் பேசுவா. இவளுக்கு எதுக்குங்க இவ்ளோ நல்ல ஸ்பீக்கரு?" என்று கடைக்காரரிடம் சொல்லிக் கணவன் ஹரீஷ்குமார் சிரிக்கிறான். புல்லாங்குழல் தொடங்குகிறது. வெளியே லாரியின் இரைச்சல் ஓய்ந்ததும், வாசிப்பவர் மூச்சை இழுக்கும் சன்னமான ஒலி அந்தக் காதில் விழுகிறது. நிஜமாகவா? மறுபடியும் விழுகிறது. அவள் தோள்கள் தாமாகத் தளர்கின்றன. அவள் கழுத்தில் தொங்கும் கம்பெனி அடையாள அட்டையைப் பார்த்துவிட்ட கடைக்காரர் முனிராஜ், வழக்கம்போல் வால்யூம் குமிழில் கை வைக்கிறார். "கம்பெனிக்காரங்களுக்கு இந்தச் சவுண்டெல்லாம் பத்தாதுங்க மேடம். கொஞ்சம் ஏத்தட்டுங்களா?" "வேணாங்கண்ணா, இதே இருக்கட்டும்," என்கிறாள் பிரவீனா, ஹரீஷ்குமார் வியந்து திரும்பிப் பார்க்கும் அளவுக்கு மெதுவாக.