பச்சைக் கட்டம்

பாளையங்கோட்டை மிஷன் தையல் அறையில் மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைப் பாயில் கோடுகோடாகப் போட்டிருக்கிறது. நிறைமாதக்காரி ஞானப்பூ பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பஞ்சு வைத்த போர்வை தைக்கிறாள். மேல்பக்கம் புதுச் சீட்டித்துணி. அடிப்பக்கம் முழுக்க மிச்சத் துண்டுகளின் இணைப்பு. எதிரே நூல் கோக்கும் தெபோராளின் கை, பச்சைக் கட்டம் போட்ட துண்டைக் கண்டதும் நின்றுவிடுகிறது. “ஏட்டி, இது எங்கன கெடந்துச்சு?” “துண்டுச் சாக்குக்கு அடியில ஒரு சின்னச் சட்டை கெடந்துச்சுக்கா. வெட்டிட்டேன். பிள்ளைக்கு மெத்துன்னு இருக்கும்லா?” தெபோராளின் மகன் போன மாதம் வைசூரி அம்மையில் இறந்தான். நோய் யாருக்கும் ஒட்டாதிருக்க அவன் உடுப்புகளை எரித்தபோது இந்த ஒன்றைத் தீயில் போட மனமில்லாமல் சாக்கில் ஒளித்தவள் அவள்தான். அவள் கை அந்தத் துண்டை நோக்கி நீள்கிறது. ஞானப்பூ குனிந்து, பச்சைக் கட்டத்தின் ஓரத்தில் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள்.